ஈக்குப் போடுற தொப்பி

இல்ல சிஸ்டர், அந்த ஒயரை மட்டும் சுருட்டாதீங்க. அது அப்படியே கிடக்கட்டும். பாக்க அலங்கோலமாத்தான் இருக்கும், தலகாணி மேல கோணல்மாணலா. ஆனா அது அங்கதான் கிடக்கணும். உங்களுக்கு முன்னாடி இருந்த சிஸ்டர் ரொம்ப சுத்தக்காரி. ஒரு துண்டு மடிப்பு கலைஞ்சிருந்தாக்கூட அவங்களுக்குப் பொறுக்காது. ஒரு நாள் இதை நேரா இழுத்து, அழகா சுருட்டி, கட்டில் காலோட சேத்துக் கட்டிட்டாங்க. அன்னிக்கு மத்தியானம் மிஷின்ல சத்தமே வரல. எங்க அத்தை, அதான் என் வீட்டுக்காரர் இவரோட அம்மா, எழுந்து போய் சுவத்தைப் பாத்துப் படுத்துட்டாங்க. அடுத்த நாள் பூரா வாயில பச்சத்தண்ணி படல. அதனாலதான் சொல்றேன்.

மத்ததெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித்தரணுமா என்ன. எத்தனை பேரைப் பாத்திருப்பீங்க. மூக்குக் குழாய்ல ஆகாரம், தொண்டையில சளி எடுக்கறது, நேரத்துக்கு நேரம் புரட்டிப் படுக்கவெக்கறது, எல்லாம் நீங்க வழக்கமா பண்றதுதான். கண்ணுக்கு மட்டும் சொட்டு மருந்து விட்டுக்கிட்டே இருக்கணும், காஞ்சுபோயிடுது. பகல்ல திறந்தே வெச்சிருப்பார், ராத்திரி மூடிக்கும். பாக்கற மாதிரியேதான் இருக்கும். முதல் தடவை வர்றவங்க எல்லாரும் வணக்கம் சொல்லிடுவாங்க. நீங்களும் சொன்னீங்க, நான் கவனிச்சேன். தப்பில்ல. நானும் தினம் காலையில ஏதோ ஒண்ணு சொல்லிட்டுத்தான் இருக்கேன்.

வலது கால் திடீர்னு வெடுக்குன்னு உதைக்கும், பயந்துடாதீங்க. அது தானா நடக்கறது, அதுக்கு அர்த்தம் கிடையாதுன்னு டாக்டர் சொல்றார். அத்தை, பிரேக் போடறான்னு சொல்வாங்க. இவர் டிரைவிங் ஸ்கூல் நடத்தினவர். ஓட்டறவங்க பக்கத்துல உக்காந்து கத்துக்குடுக்கறவருக்கும் காலுக்குக் கீழ ஒரு பிரேக் இருக்குமே, அதை மிதிச்சு மிதிச்சு வந்த பழக்கம். நாங்க பஸ்ல போனாக்கூட, முன்னாடி ஒரு வண்டி குறுக்க வந்தா இவர் கால் தரையை அழுத்தும். அந்த ஆணியில தொங்குது பாருங்க, கறுப்புத் தொப்பி, அது ஸ்கூல் தொப்பிதான். அங்கயே இருக்கட்டும், எடுத்துத் துவைக்கவெல்லாம் வேண்டாம்.

அப்புறம் ஒண்ணு. இதை மட்டும் மறக்கவே கூடாது. காய்ச்சல் அடிச்சாலோ, மூச்சு ஒரு மாதிரி இழுத்தாலோ, முதல் ஃபோன் எனக்குத்தான். அத்தைகிட்ட சொல்லவேண்டாம், ஆம்புலன்ஸுக்குப் போடவேண்டாம். எனக்கு. நாளையிலருந்து நான் வேலைக்குப் போறேன்ல, லீவெல்லாம் தீந்துபோச்சு, ஆனா ஃபோனைக் கையிலேயே வெச்சிருப்பேன். ஏன்னு கேக்காதீங்க, சொல்றேன். உக்காருங்களேன், எதுக்கு நின்னுக்கிட்டே இருக்கீங்க. அத்தை மத்தியானம் கொஞ்சம் கண்ணசருவாங்க, எழுந்து வர்றதுக்குள்ள இந்த மிஷினை உங்களுக்குக் காட்டிக்குடுத்துடறேன். அதுக்குத்தான் இன்னிக்கே வரச்சொன்னேன்.

கடையில வாங்கினதில்ல, நான் பண்ணது. ஆமா, நானேதான். என் வேலை அது மாதிரி. என்ன வேலைன்னா, சொன்னா சிரிப்பீங்க. ஈக்கு எப்படிக் கண்ணு தெரியுதுன்னு பாக்கறது. நிஜமாத்தான். குப்பைத்தொட்டியில மொய்க்குமே, பச்சையா மினுமினுன்னு, அந்த ஈ. அதுக்குச் சம்பளமும் குடுக்கறாங்க. கல்யாணம் ஆன புதுசுல அத்தைகிட்ட யாராவது மருமக என்ன பண்றான்னு கேட்டா, ஈ ஓட்டறான்னு சொல்வாங்க. சிரிக்காம சொல்வாங்க. கேக்கறவங்க, ஐயோ பாவம் வியாபாரம் சரியில்ல போலன்னு நினைச்சுக்குவாங்க. எனக்கு அப்போ சுருக்குன்னு இருக்கும். இப்போ நினைச்சா அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு.

நான் படிச்சது பயோமெடிக்கல் இன்ஜினியரிங். ஆஸ்பத்திரி மிஷினெல்லாம் செய்யறது, ரிப்பேர் பண்றது, அந்தப் படிப்பு. படிச்சு முடிச்சதும் ஒரு ஆஸ்பத்திரியில, தரைக்குக் கீழ, ஜன்னலே இல்லாத ஒரு ரூம்ல உக்காரவெச்சாங்க. ஈ.சி.ஜி. மிஷின், மானிட்டர், சளி எடுக்கற மிஷின், எல்லாத்தையும் உங்களை மாதிரி சிஸ்டருங்க தள்ளிக்கிட்டு வந்து தொம்முன்னு வெச்சுட்டு, வேலை செய்யலம்மான்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. பாதி மிஷினுக்கு பிளக்கே சரியா சொருகியிருக்காது. பாருங்க, சிரிக்கறீங்க, நீங்களும் பண்ணியிருப்பீங்க.

அப்போ ஒரு ஆராய்ச்சிக்கூடத்துலருந்து கேட்டு அனுப்பினாங்க. அங்க இருக்கற மிஷின்ல ஒரே இரைச்சலா இருக்கு, யாராவது வந்து சரிபண்ணிக் குடுங்கன்னு. ஒரு வார வேலைன்னு போனேன். அங்கயே தங்கிட்டேன். என்னத்தைப் பாத்து மயங்கினேன்னு இவர்கூட கேட்டிருக்கார். பாத்து இல்ல, கேட்டு.

எப்படின்னா, ஒரு உயிருள்ள ஈயைப் பிடிச்சு, குளிர்ல வெச்சா மயங்கிடும். தேன்மெழுகை உருக்கி முதுகுல ஒரு சொட்டு, ரெக்கைக்கு ஒரு சொட்டு, காலெல்லாம் ஆடாம ஒரு சொட்டு. தலையும் அசையக்கூடாது. அப்புறம் தலைக்குப் பின்பக்கம் ஒரு சின்ன ஜன்னல் வெட்டி, தலைமுடியைவிட மெல்லிசா ஒரு கம்பியை உள்ள விடுவோம். மூளையில பார்வைக்குன்னு இருக்கற ஒரு நரம்பு பக்கத்துல போய் அது நிக்கணும். அந்த நரம்புல ஓடற கரண்ட்டைப் பெருசாக்கி ஒரு ஸ்பீக்கர்ல விட்டோம்னா கேக்கும். டக், டக்னு. சும்மா இருக்கும்போது எப்பவாவது ஒண்ணு. ஈக்கு முன்னாடி ஒரு கோடு போட்ட அட்டையை நகத்தினா அவ்வளவுதான், கடுகு வெடிக்கற மாதிரி படபடபடன்னு பொரியும். அட்டையை நிறுத்தினா நின்னுடும். நிக்கறது எதுவும் அந்த நரம்புக்குப் பொருட்டே இல்ல, நகர்றதுதான் கணக்கு. அந்த ரூமுக்குள்ள நாங்க யாரும் கையக்கூட ஆட்டமாட்டோம், மூக்கு அரிச்சாலும் சொறிய மாட்டோம்.

முதல் தடவை அதைக் கேட்டப்போ எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு. உடம்புல ஒரு இடம் அசையல சிஸ்டர். பாத்தா செத்த ஈ மாதிரிதான் கிடக்கு. ஆனா உள்ள அது பாத்துக்கிட்டிருக்கு, அதை நம்ம காதாலயே கேக்கறோம். அதுக்கு மேல எனக்கு மானிட்டரும் பிளக்கும் பிடிக்கல.

கொடுமைதான், நீங்க சொல்றது சரி. முதல்ல எனக்கும் மனசு கேக்கல. அப்புறம் பழகிடுச்சு. மனுஷனுக்கு எல்லாம் பழகிடுது.

பிரயோஜனம் என்னன்னா, கண்ணு தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன டப்பா. சட்டையில மாட்டிக்கிட்டா, எதிர்ல ஏதாவது வேகமா வந்தா அதிரும். ஈயை அடிக்கப்போனா உங்க கை வர்றதுக்கு முன்னாடி பறந்துடுதில்ல, அந்த வித்தையை அதுல அடக்கணும். பாதி வந்திருக்கு. மீதி வரும். நாளைக்குப் போய் அதைத்தான் தொடணும், எங்க விட்டேன்னே மறந்துபோச்சு.

அந்தக் கூடத்துல ஒரு வழக்கம் உண்டு, சொல்றேன் கேளுங்க, இது முக்கியம். எங்க தலைமை ஆராய்ச்சியாளருக்கு நாங்க வெச்ச பேரு சந்தேகம். சந்தேகம் வர்றார்னு சொன்னா எல்லாரும் நிமிந்து உக்காருவோம். புதுசா சேர்ற பசங்க இருக்காங்களே, முதல் தடவை சத்தம் கேட்டதும் குதிப்பாங்க, ஃபோன் பண்ணி வீட்டுக்கெல்லாம் சொல்வாங்க, டீ வாங்கித்தருவாங்க. எல்லாம் அடங்கினப்புறம் சந்தேகம் மெதுவா வருவார். தொப்பி போட்டியான்னு ஒரே கேள்வி. கறுப்புக் காகிதத்துல ஈ தலை அளவுக்கு ஒரு குட்டிக் கூம்பு செஞ்சு ஒரு டப்பாவுல போட்டு வெச்சிருப்போம். அதுக்குப் பேருதான் தொப்பி. அதை எடுத்து ஈ கண்ணு ரெண்டையும் மூடுற மாதிரி கவுத்துட்டு, திரையை, அதான் அட்டைக்குப் பதிலா கோடு நகர்ற கம்ப்யூட்டர் திரை, மறுபடியும் ஓட்டுவார். சத்தம் நின்னுட்டா சரி, ஈ பாத்துச்சு. நிக்கலைன்னா, பாத்தது ஈ இல்ல.

பாக்காம எப்படி சத்தம் வரும்னா, திரை எரியறதுக்குக் கரண்ட் துடிச்சுத் துடிச்சுப் போகுதில்ல. பக்கத்துல ஒயர் இருந்தா அந்தத் துடிப்பைச் சும்மா காத்துலயே வாங்கிக்கும், ரேடியோ மாதிரி. ஈ காஞ்சு சருகாக் கிடந்தாலும் ஸ்பீக்கர் பொரியும். ஒரு பையன் மாசக்கணக்கா செத்த ஈயைவெச்சு சத்தம் கேட்டுக்கிட்டிருந்தான், பாவம். சந்தேகம் ஓய்வு வாங்கிப் போனப்புறம் அந்தக் கேள்வியைக் கேக்கற வேலை எனக்கு வந்துச்சு. எத்தனை பேரு மூஞ்சி சுருங்கறதைப் பாத்திருக்கேன் தெரியுமா. நான் வந்தாலே, அக்கா தொப்பி போட்டாச்சுக்கான்னு முன்னாடியே கத்துவாங்க.

இவரை எங்க பாத்தேன்னு கேக்கறீங்களா. வேற எங்க, இவர் ஸ்கூல்லதான். வண்டி ஓட்டக் கத்துக்கப் போனேன். எனக்கு எல்லாமே கண்ணுல படும், கடை போர்டு, மரம், சுவத்துல ஒட்டின போஸ்டர். எதைப் பாத்தாலும் பிரேக்கை மிதிச்சுடுவேன். இவர் தலையில அடிச்சுக்கிட்டார். நின்னுக்கிட்டிருக்கறதை எதுக்கும்மா பாக்கறே, அது எங்கயும் போகாது, நகர்றதை மட்டும் பாருன்னார். நான் வண்டியை ஓரமா நிறுத்திட்டு, இதையேதான் சார் ஈயும் பண்ணுதுன்னு ஆரம்பிச்சேன். பாடம் முடியற வரைக்கும் பேசிட்டேன். இவர் தொப்பியைக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டுக் கேட்டார். அதுக்கு முன்னாடி என் பேச்சை யாரும் அவ்வளவு நேரம் கேட்டதில்ல. அப்புறம் நான் ஓட்டக் கத்துக்கவே இல்ல, அது வேற கதை. எங்க போனாலும் இவரே ஓட்டினார்.

எப்படி ஆச்சுன்னா, பாடம் சொல்லிக்குடுத்துக்கிட்டிருக்கும்போதுதான். ஓட்டினது ஒரு சின்னப் பொண்ணு, புதுசு. இவர் பக்கத்து சீட்டுல. இவர் வாய் ஓயாது, கிளட்சு, கண்ணாடியைப் பாரு, யாரை இடிக்கப்போறேன்னு திட்டிக்கிட்டே இருப்பார். அன்னிக்குத் திடீர்னு ஒண்ணும் சொல்லல. அந்தப் பொண்ணு, சார் இன்னிக்குத் திட்டவே இல்ல, நாம நல்லா ஓட்டறோம் போலன்னு சந்தோஷமா ஓட்டிக்கிட்டே போயிருக்கு. ரவுண்டானாவைச் சுத்தி, மறுபடியும் ஒரு சுத்து சுத்தி, ஓரமா அழகா நிறுத்திட்டு, சரியா சார்னு திரும்பிப் பாத்தா இவர் தலை சாஞ்சு கிடக்கு. நெஞ்சு நின்னு எவ்வளவு நேரம் ஆச்சுன்னு யாருக்கும் தெரியல. ஆஸ்பத்திரியில நெஞ்சை ஓடவெச்சுட்டாங்க. மூளைக்கு நேரம் கடந்துபோச்சு. அந்தப் பொண்ணு வந்து என் காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. நான்தான் சமாதானப்படுத்தினேன். உன் மேல தப்பில்லம்மா, அவர் பேசாம இருந்தா யாரா இருந்தாலும் சந்தோஷம்தான் படுவாங்கன்னேன். அது அழுதுச்சு, எனக்கு அழுகை வரல. இப்பவும் வரல. சொந்தக்காரங்க அதை ஒரு குறையாக்கூடப் பேசினாங்க. பேசட்டும். உள்ள ஒண்ணுமே தோணல சிஸ்டர், மரத்துப்போன கால் மாதிரி இருக்கு. இருக்குன்னு தெரியுது, அவ்வளவுதான்.

அத்தை அப்படியில்ல. இவரை வீட்டுக்குக் கொண்டுவந்ததுலருந்து கட்டிலைவிட்டு நகரல. டாக்டர் சொன்னாரு, முழிச்சிருக்கார், ஆனா நினைவு இல்லம்மா, கண்ணு திறந்திருக்கு ஆனா பாக்கலன்னு. அத்தைக்கு அது ஏறல. திறந்திருக்கற கண்ணு பாக்காம என்னம்மா பண்ணும்னு என்னையே கேட்டாங்க. நீதானே கண்ணுக்குப் படிச்சவ, சொல்லேன்னாங்க. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல முதல் தடவையா என் படிப்பைப் பத்தி ஒரு கேள்வி. சாப்பாடு குறைஞ்சுபோச்சு அவங்களுக்கு, நிக்கவே முடியல, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நடந்தாங்க. ரெண்டு கட்டில் போடவேண்டி வருமோன்னு ஆயிடுச்சு.

அதுக்குத்தான் இதைப் பண்ணேன். எனக்கும் சேத்துத்தான். பொய் சொல்வானேன். மெழுகுல ஒட்டின ஈ மாதிரி இவரும் உள்ள பாத்துக்கிட்டிருந்தா? அதைக் கேக்கத் தெரிஞ்ச ஆள் இந்த வீட்டுலயே இருக்கேன், கேக்காம இருக்க முடியுமா. கிட்ட வாங்க. இந்தப் பலகைக்குள்ள லைட் இருக்கு, ஒரே சீரா மினுக்கிக்கிட்டே இருக்கும். முன்னாடி இந்தக் காடியில ஒரு போட்டோவைச் சொருகலாம், கண்ணாடித் தாள்ல எடுத்த போட்டோ. அதை இவர் முகத்துக்கு நேரா வெக்கணும். தலைக்குப் பின்னாடி, இங்கயும் இங்கயும், பசை தடவி ஒயர் வெச்ச இந்த வில்லையை ஒட்டணும். பார்வைக்கான இடம் பின்மண்டையிலதான் இருக்கு. கண்ணு பாத்தா லைட் எந்த வேகத்துல மினுக்குதோ அதே வேகத்துல அங்க ஒரு துடிப்பு வரும். இந்த டப்பா அந்தத் துடிப்பை மட்டும் பொறுக்கி எடுத்து ஸ்பீக்கர்ல தட்டும். பலமா வந்தா வேகமா தட்டும். சுவிட்சு இது, சத்தம் கூட்டறது இது. அவ்வளவுதான், உங்களுக்கு இதெல்லாம் ஜுஜுபி.

முதல் நாள் போட்டதுமே தட்டுச்சு சிஸ்டர். டிக், டிக், டிக்னு. அத்தை வாயைப் பொத்திக்கிட்டு அப்படியே கட்டில் ஓரத்துல உக்காந்துட்டாங்க. நான் சொல்லத்தான் சொன்னேன். அத்தை, இது நிஜமாவே இருந்தாலும் வெளிச்சம் பின்மண்டை வரைக்கும் போய்ச்சேந்துச்சுன்னுதான் அர்த்தம், உள்ள இருந்து யாராவது பாக்கறாங்களான்னு இது சொல்லாதுன்னேன். அவங்க காதுல விழல. அன்னிக்கு ரெண்டு வேளையும் சாப்பிட்டாங்க. மறுநாள் தலை வாரிக்கிட்டு வந்து உக்காந்தாங்க. தெருவுல எல்லாருக்கும் சொல்லியாச்சு, எம்பிள்ளை பாக்கறான், மருமக மிஷின் பண்ணியிருக்கான்னு. ஈ ஓட்டறாங்கற பேச்சே நின்னுபோச்சு. என்னைக் கூப்பிட்டு, உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சுட்டேம்மான்னாங்க. எங்க அத்தை வாயிலருந்து அப்படி ஒண்ணு வரும்னு நான் கனவுலயும் நினைச்சதில்ல.

போட்டோ இந்தக் கவருல இருக்கு. இது அத்தை, இது நான், இது ஸ்கூல் வண்டி. அத்தை போட்டோவைச் சொருகினா சத்தம் பலமா வரும். என் போட்டோவுக்குச் சுமாராத்தான் வரும். அத்தைக்கு அதுல ஒரு தனி சந்தோஷம். வெளியில காட்டிக்கமாட்டாங்க. அம்மான்னா அம்மாதான், நீ மனசுல வெச்சுக்காதேன்னு எனக்கு ஆறுதல் வேற. நான் என்னத்தை வெச்சுக்க.

டாக்டர் போன தடவை வந்தப்போ எங்களை உக்காரவெச்சுப் பேசினார். நல்ல மனுஷன், சுத்தி வளைக்கமாட்டார். இவருக்கு நெஞ்சுல அடிக்கடி சளி கட்டுது, அடுத்த தடவை காய்ச்சல் வரும்போது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், குழாய் போட்டு, மூச்சு மிஷின்ல வெக்கறதா, இல்ல வீட்டுலயே வலி தெரியாம மருந்து குடுத்து விட்டுடறதா, யோசிச்சு வைங்கன்னார். போன தடவை குழாய் போட்டப்போ இவர் பட்ட பாட்டை நான் பாத்தேன், அத்தையை உள்ள விடல. அத்தை யோசிக்கவே இல்ல. என்னைப் பாத்துக்கிட்டிருக்கான் டாக்டர், பாத்துக்கிட்டிருக்கறவனை எப்படி விடறதுன்னாங்க. டாக்டர் என் பக்கம் திரும்பினார். பொண்டாட்டி நான்தானே, கடைசி வார்த்தை என்னுது. ரெண்டு நாள்ல சொல்றேன்னேன்.

என்ன சிஸ்டர் அப்படிப் பாக்கறீங்க. தொப்பி போட்டுப் பாத்தேனான்னுதானே. கேளுங்க, பரவாயில்ல. இத்தனை நேரம் கேக்காம இருந்ததே பெருசு.

தோணாம இல்ல. ஊருக்கெல்லாம் தொப்பி போட்டியான்னு கேட்டவளுக்கு அது தோணாம இருக்குமா. கை போகல. அத்தை சாப்பிட்டுக்கிட்டிருந்தாங்க, நடந்துக்கிட்டிருந்தாங்க, எனக்கும் காலையில எழுந்துக்க ஒரு காரணம் இருந்துச்சு. ஆனா டாக்டர் கேட்டுட்டுப் போனப்புறம் சும்மா இருக்க முடியல. அத்தை அவங்க போட்டோவைச் சொருகும்போது பலகையைத் தலகாணிக்குக் கிட்ட இழுத்து வெச்சுக்குவாங்க. அந்த லைட் ஒயர் அப்போ இவர் தலைகிட்ட இருக்கற ஒயர் மேலயே போய் விழும். நான் என் போட்டோவை வெச்சா தள்ளி வெப்பேன். அதை நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன், பாக்காத மாதிரி.

மறுநாள் காலையில அத்தை குளிக்கப் போயிருந்தாங்க. ஆணியில தொங்கற தொப்பியை எடுத்தேன். உள்ள ஒரு கறுப்புத் துணியை மடிச்சு வெச்சு, இவர் மூக்கு வரைக்கும் இழுத்து மூடினேன். இமையை மூடினா மட்டும் பத்தாது, வெளிச்சம் கசியும். மூடிட்டு, பலகையை அத்தை வெக்கற மாதிரியே கிட்ட இழுத்து, சுவிட்சைப் போட்டேன். டிக், டிக், டிக். பலகையைச் சுவத்தைப் பாத்துத் திருப்பினேன், அப்பவும் அதேதான். சரின்னு வில்லை ரெண்டையும் இவர் தலையிலருந்து எடுத்து, இவரைத் துடைக்கற ஸ்பாஞ்சை நனைச்சு அதுல ஒட்டினேன். ஸ்பாஞ்சும் பாக்குது சிஸ்டர். அத்தை போட்டோவை நல்லாவே பாக்குது.

வேலையை அரைகுறையா விடக்கூடாதில்ல. மறுபடியும் இவர் தலையில ஒட்டி, லைட் ஒயர் முழுக்க அலுமினியத் தாளைச் சுத்தி, தரையோட தள்ளி விட்டேன். தொப்பியை எடுத்துட்டேன். இவர் கண்ணு ரெண்டும் நல்லா திறந்திருக்கு. சுவிட்சைப் போட்டேன். ஒரு சத்தம் இல்ல. என் போட்டோ, அத்தை போட்டோ, ஸ்கூல் வண்டி, எதுக்கும் இல்ல. குளியலறையில தண்ணி விழற சத்தம்தான் கேட்டுச்சு. நான் அப்பவும் அழல. தொப்பியைத் திரும்ப ஆணியில மாட்டினேன்.

அப்புறம் அத்தை தாழ்ப்பாள் திறக்கற சத்தம் கேட்டுச்சு. சுத்தின தாளையெல்லாம் பிரிச்சு எடுத்துட்டேன். ஒயரைத் தலகாணி மேல, இதோ இப்படி, வளைச்சுப் போட்டேன். அன்னிக்கு சாயங்காலமே டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லிட்டேன், வீட்டுலயே இருக்கட்டும்னு. அத்தைகிட்ட சொல்லல. காய்ச்சல் வந்தா முதல் ஃபோன் எனக்குன்னு சொன்னேன் பாருங்க, அதுக்குத்தான்.

இவர் கண்ணை மூடி வைக்கணும்னா சுவிட்சை அணைச்சுட்டு மூடுங்க. கண்ணுக்குக் களிம்பு தடவி டேப் ஒட்டுவீங்கல்ல, அப்போ மிஷின் ஓடக்கூடாது, மூடின கண்ணுக்குத் தட்டறதை அத்தை பாத்துடக்கூடாது. மத்தபடி பயப்பட ஒண்ணும் இல்ல. எழுந்துட்டாங்க போலிருக்கு, செருப்புச் சத்தம் கேக்குது. நீங்க அந்த முக்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க, அவங்க உக்காரற இடம் அது.

வாங்க அத்தை. இவங்கதான் புது சிஸ்டர், எல்லாம் சொல்லிக்குடுத்துட்டேன். உக்காருங்க, உங்க போட்டோவையே சொருகுங்க. பலகையை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்துக்குங்க, அப்பத்தான் நல்லாக் கேக்கும்.